வைட்டமின் டி நினைவைக் காக்குமா?

எழுபது வயதைத் தாண்டியவர்களின் மாஸ்டர் ஹெல்த் செக்கப் அறிக்கையில், வைட்டமின் டி என்ற வரிக்கு எதிரே ‘குறைவு’ என்று அச்சாகி வந்தால் யாரும் இப்போது ஆச்சரியப்படுவதில்லை. சரியான அளவில் இருக்கிறது என்று வந்தால்தான் லேப் தவறு செய்துவிட்டதோ என்று திரும்பப் பார்க்கிறோம். டாக்டர் 60,000 யூனிட் மாத்திரையையோ, பாலில் கலந்து குடிக்கும் பவுடரையோ வாரம் ஒன்று என எட்டு வாரத்துக்கு எழுதித் தருகிறார். எட்டு வாரம் எப்போது முடிந்தது என்பது பல வீடுகளில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டினால் புதிய அட்டை கிடைத்துவிடும். எலும்புக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கத்தோடு கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டது. வயதான காலத்து மறதியையும் அது தள்ளிப்போடுமாம்.

இந்த நம்பிக்கையைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருப்பதாக நாடு தழுவிய முதியோர் ஆய்வு ஒன்று 2023இல் மதிப்பிட்டது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 88 லட்சம் பேர். வந்த நோயைத் திருப்பி அனுப்பும் மருந்து இதுவரை இல்லை. இந்த நிலையில், எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும் மலிவான மாத்திரை ஒன்று நோயை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டாலே அது பெரிய காரியம். ஆகவே சான்றுகளைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

பெயர்தான் வைட்டமினே தவிர, வேலையில் இது ஒரு ஹார்மோன். வெயிலில் தோல் தயாரிப்பதைக் கல்லீரல் ஒருமுறையும் சிறுநீரகம் ஒருமுறையும் மாற்றிய பிறகே அது செயல்படும் வடிவத்துக்கு வருகிறது. லேப் அளப்பது கல்லீரலில் உருவாகும் இடைநிலை வடிவத்தை. நெடுங்காலம் இதன் வேலை குடலில் கால்சியத்தை உறிஞ்சவைப்பதும் எலும்பைக் காப்பதும் மட்டுமே என்று கருதினார்கள். 2005இல் ஆஸ்திரேலியாவின் டாரில் அய்ல்ஸ் குழு மனித மூளைத் திசுவை ஆராய்ந்து, வைட்டமின் டியை ஏற்கும் ஏற்பிகளும், அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியும் மூளையின் பல பகுதிகளில் இருப்பதைக் காட்டியது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்ற இது உதவுகிறது என்று ஆய்வகச் சோதனைகளும் சொல்லின. கதை பொருந்தி வந்தது. ஆனால் உடலில் கிட்டத்தட்ட எல்லாத் திசுக்களிலும் அந்த ஏற்பிகள் இருக்கின்றன. அதை நம்பித்தான் புற்றுநோய், மாரடைப்பு, நீரிழிவு என்று ஒவ்வொரு நோயிலும் வைட்டமின் டியைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலான இடங்களில் ஏமாற்றமே மிஞ்சியது.

மறதிநோய் பற்றிய பேச்சு சூடுபிடித்தது 2014இல். அமெரிக்காவில் இதயநோய் ஆய்வு ஒன்றுக்காக ரத்தம் கொடுத்திருந்த 1,658 முதியவர்களைச் சராசரியாக 5.6 ஆண்டுகள் கண்காணித்தவர்கள், இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லெவலின் குழுவினர். 171 பேருக்கு மறதிநோய் வந்தது. வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு, போதுமான அளவு இருந்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் அபாயம். 10க்கும் 20க்கும் இடையில் இருந்தவர்களுக்கு ஒன்றரை மடங்கு. அளவு குறையக் குறைய அபாயம் படிப்படியாக ஏறிய இந்த விதம்தான் ஆய்வாளர்களைக் கவர்ந்தது.

பிறகு 2023இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகமும் எக்ஸிடரும் சேர்ந்து அமெரிக்க அல்சைமர் மையங்களின் தரவுத்தொகுப்பில் 12,388 பேரை ஆராய்ந்தன. வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மறதிநோய் 40 சதவீதம் குறைவாக இருந்தது. பெண்களிடமும், நினைவாற்றல் நன்றாக இருந்தபோதே மாத்திரையைத் தொடங்கியவர்களிடமும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. உலகம் முழுக்கச் செய்தித்தாள்கள் இந்த 40 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டன. வாட்ஸ்அப் குழுக்களில் வைட்டமின் டி பெயரால் சுற்றும் படங்கள் பெரும்பாலும் இந்த வகை எண்களை வைத்துத்தான் பிழைக்கின்றன.

இந்த இரண்டு ஆய்வுகளும் நேர்மையாகச் செய்யப்பட்டவை. ஆனால் இவை கேட்ட கேள்வி வேறு, நாம் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் பதில் வேறு. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பவர் யார்? வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர், நடக்கச் சிரமப்படுபவர், உடல் பருத்தவர், சிறுநீரகம் தளர்ந்தவர், பசியில்லாதவர், மனம் சோர்ந்தவர். இவை ஒவ்வொன்றும் தன்னளவிலேயே மறதிநோயோடு தொடர்புடையவை. அதோடு அல்சைமர் நோய் மூளையில் தொடங்குவது அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னால். நோய் பிடிக்கத் தொடங்கியவர் யாரும் கவனிக்காமலே கோயிலுக்கும் கடைவீதிக்கும் போவதைக் குறைத்துக்கொள்கிறார். வெயில் குறைகிறது, வைட்டமின் டியும் குறைகிறது. ஐந்தாறு ஆண்டு மட்டும் கண்காணிக்கும் ஆய்வுக்கு எது காரணம், எது விளைவு என்று பிரித்துப் பார்க்கும் வலு கிடையாது. மாத்திரை சாப்பிடுபவர்களை எடுத்துக்கொண்டாலும் அதே சிக்கல். மறக்காமல் மாத்திரை வாங்கி, மறக்காமல் பல ஆண்டுகள் சாப்பிடும் ஒருவருக்கு நினைவு நன்றாக இருப்பதில் வியப்பென்ன இருக்கிறது?

இப்படி ஏமாந்த வரலாறு மருத்துவத்துக்குப் புதிதல்ல. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அல்சைமர் குறைவு என்று 1990களில் ஆய்வுக்கு மேல் ஆய்வு வந்தது. பிறகு அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 4,500க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஹார்மோனும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2003இல் முடிவு வந்தபோது ஹார்மோன் சாப்பிட்டவர்களிடம் மறதிநோய் இரு மடங்காகியிருந்தது. காக்கும் என்று நம்பிய மருந்தே கெடுத்தது. கண்காணிப்பு ஆய்வுகளை வைத்து யாராவது சதவீதம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 2003ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது.

வைட்டமின் டியும் குலுக்கல் முறைச் சோதனைக்கு வந்தது. முதலில் பெரிதாகச் செய்யப்பட்டது, மேலே சொன்ன ஹார்மோன் சோதனை நடந்த அதே அமெரிக்கப் பெண்கள் நலத் திட்டத்தில். 65 வயதைக் கடந்த 4,143 பெண்களில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் டியும் 1,000 மில்லிகிராம் கால்சியமும். மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. சராசரியாக 7.8 ஆண்டுகளுக்குப் பிறகு, மாத்திரை சாப்பிட்டவர்களில் 39 பேருக்கும் சாப்பிடாதவர்களில் 37 பேருக்கும் மறதிநோய் வந்திருந்தது. 400 யூனிட் போதாது என்ற வாதம் உடனே எழுந்தது. அதில் நியாயம் உண்டு.

அந்த வாதத்துக்குப் பதிலாக வந்தது, பாஸ்டனைச் சேர்ந்த ஜோஆன் மேன்சன் தலைமையில் 25,871 பேரை வைத்து நடந்த ‘வைட்டல்’ சோதனை. இதில் நாளொன்றுக்கு 2,000 யூனிட். புற்றுநோயும் இதயநோயும்தான் அதன் முக்கிய இலக்குகள். ஆனால் பங்கேற்றவர்களில் 4,200க்கும் மேற்பட்டோரின் நினைவாற்றலை இரண்டு துணை ஆய்வுகள் தனியாக அளந்தன. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாத்திரைக்கும் போலி மாத்திரைக்கும் பொதுவான வேறுபாடு எதுவும் இல்லை என்று 2021இல் அறிவித்தார்கள். கறுப்பினத்தவரிடம் மட்டும் சிறிய பலன் தெரிந்தது. அவர்களிடம் இயல்பாகவே வைட்டமின் டி குறைவு என்பதால் அதற்கு அர்த்தம் இருக்கலாம். ஆனால் மொத்தத்தில் இல்லாத பலனைச் சிறு பிரிவுகளில் தேடினால் தற்செயலாகவும் ஏதாவது ஒன்று கண்ணில் படும். அதைத் திரும்பச் சோதித்து உறுதிசெய்யாமல் நம்ப முடியாது. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 70 வயதைக் கடந்த 2,157 பேரை வைத்து நடந்த ‘டோ-ஹெல்த்’ சோதனை 2020இல் வெளியானது. மூன்று ஆண்டுகள், அதே 2,000 யூனிட். நினைவாற்றல் மதிப்பெண் நகரவில்லை.

இத்தோடு வழக்கை முடித்துவிடலாமா? முடிக்கக் கூடாது என்பவர்கள் வைக்கும் வாதங்களில் ஒன்று எனக்கு மிக வலுவாகப் படுகிறது. ‘வைட்டல்’ சோதனையில் சேர்ந்தவர்களின் வைட்டமின் டி தொடக்கத்திலேயே சராசரியாக 30 நானோகிராம் இருந்தது. அதாவது, குறையே இல்லாதவர்களுக்கு மேலும் மேலும் கொடுத்துப் பார்த்து, பலனில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எக்ஸிடர் ஆய்வில் அபாயம் ஏறியது 20க்குக் கீழே, குறிப்பாக 10க்குக் கீழே. அந்த நிலையில் இருக்கும் ஆயிரக்கணக்கான முதியவர்களைத் திரட்டி, பாதிப் பேருக்கு மாத்திரை கொடுக்காமல் பத்தாண்டு காத்திருந்தால்தான் உண்மையான விடை தெரியும். குறை இருப்பது தெரிந்தும் சிகிச்சை தராமல் ஒருவரைப் பத்தாண்டு விட்டுவைக்க எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. ஆக, தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வியைச் சோதிக்க முடியவில்லை. சோதிக்க முடிந்த கேள்விக்கோ நமக்குப் பெரிதாகத் தேவையில்லாத விடை கிடைத்திருக்கிறது.

இந்த இக்கட்டிலிருந்து வெளியேற ஆய்வாளர்கள் மரபணுக்களின் பக்கம் போனார்கள். சிலருக்குப் பிறவியிலேயே வைட்டமின் டி சற்றுக் குறைவாக இருக்கும்படி மரபணு அமைந்துவிடுகிறது. அது அவர் வெயிலில் நடந்தாரா, மாத்திரை வாங்கினாரா என்பதைப் பொறுத்ததல்ல. இயற்கையே குலுக்கல் போட்டுப் பிரித்ததுபோல. தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் எலினா ஹைப்போனென் குழு, பிரிட்டனின் ‘யுகே பயோபேங்க்’ சேமிப்பிலுள்ள 2,94,514 பேரின் தரவுகளை இப்படி ஆராய்ந்து 2022இல் வெளியிட்டது. மிகக் குறைந்த அளவு உள்ளவர்களிடம் மறதிநோய் அபாயம் கூடுவதற்கு வைட்டமின் டி குறைவே ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அதன் முடிவு. எல்லோரையும் 20 நானோகிராமுக்குக் கொண்டுவந்தால், குறை பரவலாக உள்ள மக்களிடம் 17 சதவீதம் வரை நோயைத் தவிர்க்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 20க்கு மேல் ஏற்றினால் கூடுதல் பலன் தெரியவில்லை. இந்தக் கணக்கு வெள்ளை இனத்தவரின் தரவை வைத்துப் போடப்பட்டது. நம் மக்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்தத் துறையில் வந்தவற்றில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தந்த ஆய்வு இதுதான். பழைய சோதனைகள் ஏன் தோற்றன என்பதை இது விளக்கிவிடுகிறது என்பதால்.

மறுபக்கம் ஒன்றுக்கொன்று முரணான சிறு செய்திகளும் உண்டு. சிகாகோவில் இறந்த முதியவர்கள் 290 பேரின் மூளையையே எடுத்து அதிலுள்ள வைட்டமின் டியை பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2022இல் அளந்தார்கள். மூளையில் அது அதிகம் இருந்தவர்களின் நினைவாற்றல் கடைசிக் காலத்தில் மேலாக இருந்தது. ஆனால் அமிலாய்டு படிவுகளுக்கும் அதற்கும் தொடர்பே தெரியவில்லை. அமிலாய்டை அகற்றுகிறது என்ற பழைய விளக்கத்துக்கு இது இடிக்கிறது. சீனாவில் அல்சைமர் வந்துவிட்ட 210 பேருக்கு ஓராண்டு தினமும் 800 யூனிட் கொடுத்ததில் முன்னேற்றம் தெரிந்ததாக 2019இல் ஒரு சோதனை சொன்னது. தைவானின் காப்பீட்டுப் பதிவேட்டை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வோ, நீண்டகாலம் கால்சிட்ரியால் சாப்பிட்டவர்களுக்கு மறதிநோய் கூடுதலாக வந்தது என்றது. கால்சிட்ரியால் என்பது செயல்படும் வடிவத்தில் உள்ள வைட்டமின் டி. பெரும்பாலும் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுப்பது. நாம் சாப்பிடும் டி3 மாத்திரை வேறு. எனவே அந்த ஆய்வைக் காட்டிப் பயமுறுத்துவதும் சீன ஆய்வைக் காட்டி ஆசைகாட்டுவதும் ஒரே தராசில் நிற்பவை.

இனி நம் ஊர்ப் பக்கம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடத்தில் இந்தக் குறை எப்படி வந்தது என்பதைத் திருப்பதியில் சி.வி. ஹரிநாராயண் குழு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறது. சென்னையும் திருப்பதியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதால் அந்த முடிவுகள் நமக்கும் பொருந்தும். வயலில் வேலை செய்யும் கிராமத்தாரிடம் அளவு நகரத்தாரைவிடக் கூடுதல்; ஆனால் அவர்களிலும் ஏராளமானோர் 20க்குக் கீழே. தோல் வைட்டமின் டி தயாரிக்க உகந்த நேரம் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. பாட்டியைக் காலை ஏழு மணி இளவெயிலில் திண்ணையில் உட்காரவைத்து வைட்டமின் டி ஏறிவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாய்ந்து வரும் அந்த வெயிலில் அதற்குத் தேவையான கதிர் மிகச் சொற்பம். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் கணக்கு. சித்திரை வைகாசியில் எண்பது வயதுக்காரரை அந்த நேரத்தில் வெளியே நிறுத்துவது ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போதாததற்கு, வயதான தோலின் உற்பத்தித்திறன் இளமையில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உணவிலோ, மீனும் முட்டை மஞ்சள்கருவும் தவிர இயல்பாக இது உள்ள பொருள்கள் அரிது. ஆகவே முதியவர்களுக்கு மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

எவ்வளவு என்பதுதான் கேள்வி. அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இல் 70 வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 800 யூனிட் என்றும், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. வாரம் 60,000 என்றால் நாளொன்றுக்கு 8,500க்கும் மேல். குறையைச் சரிசெய்ய எட்டு வாரம் இப்படிக் கொடுப்பது ஏற்கப்பட்ட சிகிச்சைதான். ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் அது சிகிச்சை அல்ல. பெரிய அளவை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளின் கதையும் நல்லதாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தவணையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். எலும்பு முறிவைத் தடுக்கப்போன அந்த மருந்தால் விழுவது 15 சதவீதமும் முறிவு 26 சதவீதமும் கூடியது என்று 2010இல் தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் 200 முதியவர்களை வைத்துச் செய்த சோதனையில், மாதம் 60,000 யூனிட் பெற்றவர்களே குறைந்த அளவு பெற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்கள். அது மாதம் ஒருமுறை. நாம் வாரம் ஒருமுறை கொடுக்கிறோம்.

இதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று இருக்கிறது. வைட்டமின் டி அளவுமீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். கால்சியம் ஏறிய முதியவருக்கு மலச்சிக்கல், தாகம், வாந்தி, சோர்வோடு புத்தித் தடுமாற்றமும் வரும். ஆளை மறப்பார், சொன்னதையே சொல்லுவார். மறதி வராமல் இருக்கக் கொடுத்த மாத்திரையே மறதிநோய் போன்ற தோற்றத்தைக் கொண்டுவந்துவிடும். வயசாகிவிட்டது என்று வீட்டார் அதை விட்டுவிட வாய்ப்பு நிறைய.

ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 75 வயதைக் கடந்தவர்களுக்கு அளவான வைட்டமின் டி தினமும் தரலாம் என்கிறது. காரணம் மறதி அல்ல. அந்த வயதில் இறப்பு அபாயம் சற்றுக் குறையலாம் என்பது. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி பரிசோதனையே வேண்டாம் என்றும் அது பரிந்துரைக்கிறது. செக்கப் பட்டியலில் இந்தச் சோதனையைத் தவறாமல் சேர்த்துவிடும் லேப்களுக்கு இது உவப்பாக இருக்காது.

அதே 2024இல், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் கில் லிவிங்ஸ்டன் தலைமையிலான லான்செட் மருத்துவ இதழின் குழு, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் 45 சதவீத மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. கல்விக் குறைவு, காது மந்தம், கண்பார்வைக் குறை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், புகை, மது, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, தனிமை, காற்று மாசு. இந்தப் பட்டியலில் வைட்டமின் டி இல்லை. காது மந்தமும் கெட்ட கொழுப்பும்தான் இதில் முன்வரிசையில் நிற்பவை. மூக்குக் கண்ணாடி போட வெட்கப்படாத நம் பெரியவர்கள் காது மெஷின் என்றால் மட்டும் ஏன் அவ்வளவு கூசுகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

என் தீர்ப்பு இது. 20க்குக் கீழே உள்ளவரை 20க்கு மேலே கொண்டுவர வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் அது அவசியம், மூளைக்கும் சிறிது உதவக்கூடும். 30 உள்ளவரை 60க்குக் கொண்டுபோவதால் நினைவு கூடும் என்பதற்கு இன்றுவரை சான்று இல்லை. மறதி தெரியத் தொடங்கிய ஒருவரிடம் முதலில் பார்க்க வேண்டியவை பி12, தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை, காது, மனச்சோர்வு. தூக்கத்துக்கும் அலர்ஜிக்கும் சிறுநீர் அடக்கத்துக்கும் அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். அவற்றில் சில நினைவை மந்தப்படுத்துபவை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே அவர்களின் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். 60,000 என்று அச்சிட்ட அட்டை இருந்தால், அதை எந்தத் தேதியில் தொடங்கினார்கள் என்று விசாரியுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துப்போய், எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியை அட்டையின் மேலேயே எழுதி வாங்குங்கள்.